துறவி நண்டு வளர்ப்பு: தாமிரபரணிக் கழிமுகப் பின்னணியில் ஒரு வரலாறு

துறவி நண்டு என்பது வெறுமையான சங்குகளிலும் நத்தைக் கூடுகளிலும் தன் மென்மையான வயிற்றுப் பகுதியை நுழைத்துக்கொண்டு வாழும் ஓட்டுடலி ஆகும். முனிவர் நண்டு, சன்னியாசி நண்டு என்ற பெயர்களும் இதற்கு உண்டு. தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னைக்காயல் முதல் தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு வரையுள்ள கடற்கரையில் இவ்வகை நண்டுகளைக் காணலாம். திருநெல்வேலியிலிருந்து விடுமுறைக்குக் கடற்கரை செல்லும் பிள்ளைகள் நகரும் சங்கு ஒன்றைக் கண்டு வியந்து, அதை நீர் நிரப்பிய புட்டியில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்துவிடுகின்றன. அந்த இறப்புக்கான காரணங்களும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளும், இந்த உயிரிக்கும் தமிழகக் கடற்கரைக்கும் உள்ள நீண்ட தொடர்பும் இக்கட்டுரையில் தரப்படுகின்றன.

பெயரும் உயிரியும்

மற்ற நண்டுகளுக்கு உடல் முழுவதும் கடினமான ஓடு இருக்கும். துறவி நண்டுக்குத் தலை, மார்பு, கால்கள் ஆகியவற்றில் மட்டுமே அந்தக் காப்பு உண்டு. வயிற்றுப் பகுதி மெல்லிய தோலால் ஆனது, ஒருபுறமாகச் சுருண்டிருப்பது. சங்கின் உட்புறத் திருகலுக்கு ஏற்றவாறு அது வளைந்துள்ளது. வயிற்றின் நுனியிலுள்ள சிறு கொக்கி போன்ற உறுப்புகளால் சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். இதனால் இழுத்தாலும் எளிதில் வெளியே வராது.

இந்த நண்டு தன் கூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. சங்குப்பூச்சி இறந்தபின் எஞ்சும் வெற்றுக் கூட்டையே அது தேடிக் குடியேறுகிறது. உடல் வளர வளரப் பெரிய கூட்டுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலிலேயே இந்தப் பழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார்.

பிறர் கூட்டில் தனித்து வாழ்வதாகத் தோன்றியதால் ஐரோப்பியர் இதைத் துறவிக்கு ஒப்பிட்டனர். அந்தப் பெயரே தமிழ்ப் பாடநூல்களிலும் வழங்கலாயிற்று. ஆனால் பெயர் முழுவதும் பொருந்துவதன்று. நிலத்தில் வாழும் துறவி நண்டுகள் கூட்டமாகத் திரிபவை. அவற்றின் பேரினத்துக்குச் சீனோபைட்டா என்று பெயர். மடத்தில் பலரோடு கூடி வாழும் துறவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. நம் கரையோரங்களில் காணப்படும் மற்றொரு பேரினத்துக்கு டயோஜெனிஸ் என்று பெயர். பெரிய மண்சாடியில் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவ அறிஞரின் பெயர் அது. துறவி என்ற பெயரைக் கேட்டு ஒற்றை நண்டை ஒற்றைச் சங்குடன் ஒரு புட்டியில் அடைப்பது, வளர்ப்போர் செய்யும் முதல் தவறாகும்.

பழந்தமிழ்க் கடற்கரையில் நண்டு

தமிழர் நண்டுகளை உற்றுநோக்கிய வரலாறு பழமையானது. அலவன், ஞெண்டு, களவன் எனப் பல பெயர்கள் நண்டுக்கு உண்டு. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் கடற்கரை மகளிரின் விளையாட்டாக அலவன் ஆட்டுதல் இடம்பெறுகிறது. மணலில் ஓடும் நண்டுகளை விரட்டி விளையாடுவதே அது. அங்கு விளையாடப்பட்டவை வளைகளில் வாழும் வேகமான மணல் நண்டுகளாக இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விளையாட்டு நடந்த இடம் கடற்கரை. ஆட்டம் முடிந்ததும் நண்டு தன் வளைக்கோ அலைக்கோ திரும்பியது. நண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அடைத்து வைப்பது பிற்காலத்தில் தோன்றிய பழக்கமாகும்.

கொற்கையும் சங்கும்

துறவி நண்டின் வாழ்க்கை வெற்றுச் சங்குகளை நம்பியது. எனவே சங்குகளின் வரலாறும் இந்த நண்டின் வரலாற்றோடு சேர்ந்ததே. அந்த வகையில் தாமிரபரணிக் கழிமுகம் முதன்மையான இடம்.

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற இந்த ஊரை மதுரைக்காஞ்சி சிறப்பித்துள்ளது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் பின்வாங்கியது. இன்று கொற்கை கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூராகும். பேராயர் ராபர்ட் கால்டுவெல் இங்கும் பழையகாயலிலும் அகழ்ந்து பார்த்து 1877இல் கட்டுரை வெளியிட்டார். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69இலும் 2021இலும் கொற்கையில் அகழாய்வு நடத்தியது. அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளும் சங்கு வளையல்களும் இம்மண்ணிலிருந்து கிடைத்துள்ளன.

கடல் விலக விலகத் துறைமுகமும் இடம்பெயர்ந்தது. கொற்கைக்குப் பின் காயல் செழித்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அந்த நகரைக் குறிப்பிட்டார். அதன்பின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் முன்னுக்கு வந்தன. துறைமுகங்கள் மாறினாலும் சங்கு குளித்தல் நிற்கவில்லை. தூத்துக்குடியில் எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளத்துக்கு வளையல் செய்ய அனுப்பப்பட்டன. ஆங்கிலேய ஆட்சியில் முத்துக்குளித்தலும் சங்கு குளித்தலும் அரசின் பொறுப்பில் நடைபெற்றன. தூத்துக்குடியில் அப்பணிக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி 1914இல் ஒரு நூல் வெளியிட்டார்.

குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்குகளைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்ற விதி சங்கு குளித்தலில் உண்டு. சங்கினத்தின் பெருக்கத்தைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் கடலில் விடப்படும் ஒவ்வொரு சங்கும் பின்னொரு நாளில் ஒரு துறவி நண்டுக்கு வீடாகக்கூடும். எதிர்மறையாகச் சொன்னால், கடலிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு கூடும் ஒரு நண்டுக்குக் கிடைக்காமற்போன வீடு. சுண்ணாம்புக்கும், வளையலுக்கும், அலங்காரப் பொருளுக்கும், கோயில் நகரங்களின் கடைவீதி விற்பனைக்கும் பல நூற்றாண்டுகளாகக் கூடுகள் எடுக்கப்பட்டு வருகின்றன. இந்தக் கணக்கில் நண்டின் பங்கை எவரும் சேர்த்ததில்லை.

அறிவியல் பதிவுகள்

மன்னார் வளைகுடாவின் துறவி நண்டுகள் பற்றிய முறையான அறிவியல் ஆய்வு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரம், பாம்பன், தூத்துக்குடி ஆகிய இடங்களில் கடல் உயிரிகளைத் திரட்டினார். முத்து, சங்கு குளித்தல் பற்றியும் வளைகுடாவின் உயிரினங்கள் பற்றியும் 1890இல் குறிப்புகள் வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய தொகுதிகளுக்காக அறியப்படும் அதே தர்ஸ்டன் இவர்.

அவர் திரட்டிய ஓட்டுடலிகளை ஆராய்ந்தவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் ஜான் ராபர்ட்சன் ஹெண்டர்சன். உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை திரட்டிய துறவி நண்டு வகைகளைப் பற்றி 1888இல் அறிக்கை எழுதியவரும் அவரே. இந்திய ஓட்டுடலிகள் பற்றிய அவரது கட்டுரை 1893இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. பிற்காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகவும் அவர் பணியாற்றினார். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆல்ஃபிரட் அல்காக், அங்குள்ள துறவி நண்டுகளின் பட்டியலை 1905இல் வெளியிட்டார்.

விடுதலைக்குப் பின் இப்பணி தமிழ்நாட்டு நிறுவனங்களில் தொடர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த அஜ்மல் கான், நடராஜன் ஆகியோர் அக்கடற்கரையின் துறவி நண்டுகள் பற்றிய தனி நூலை 1984இல் வெளியிட்டனர். 1977இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகளின் வளர்ப்பும் நோய்களும் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

கண்ணாடித் தொட்டிக்கு வந்த கதை

கடல் உயிரிகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காணும் வழக்கம் 1850களில் இங்கிலாந்தில் பரவியது. இந்தியாவில் சென்னைக் கடற்கரையில் 1909இல் கடல்வாழ் உயிர்க் காட்சிச்சாலை ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த அது பின்னர் மீன்துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடல்நீரை அருகிலிருந்தே எடுக்கும் வசதி அதற்கு இருந்தது. அந்த வசதி இல்லாத வீடுகளில் கடல் உயிரிகளை வளர்ப்பது எளிதன்று.

வீட்டு வளர்ப்புக்கு உரியதாகக் கருதப்பட்டது நிலத் துறவி நண்டு. 1970களில் அமெரிக்காவில் இதன் விற்பனை பெருகியது. கரீபியத் தீவுகளில் பிடிக்கப்பட்டவை வண்ணம் பூசிய சங்குகளில் ஏற்றப்பட்டுக் கடற்கரைக் கடைகளில் விற்கப்பட்டன. பராமரிப்புத் தேவையற்ற உயிரி என்ற விளம்பரமும் கூடவே வந்தது. ஜப்பான் வேறு வழியில் சென்றது. நிலத் துறவி நண்டுகளை அந்நாடு 1970இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது.

இந்த விற்பனைக்கு அடிப்படையான உண்மை ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. நிலத் துறவி நண்டின் முட்டைகள் கடல்நீரில்தான் பொரிக்கும். அதிலிருந்து வரும் இளவுயிரி பல நிலைகளைக் கடலில் மிதந்தபடியே கடந்து, சிறு கூடு ஒன்றில் புகுந்து, பின்னரே கரையேறும். ஆய்வகத்தில் இந்த வளர்ச்சி நிலைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. ஆயினும் விற்பனைக்குப் போதுமான அளவில் இனப்பெருக்கம் செய்விக்கும் முறை உருவாகவில்லை. ஆகவே கடைகளில் விற்கப்படும் நிலத் துறவி நண்டுகள் ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவையே.

இதன் ஆயுளும் சிறியதன்று. நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தவை உண்டு. அத்தகைய உயிரி ஒரு மாதத்தில் இறந்தால் அதை முதுமையால் வந்த சாவு என்று கொள்ள முடியாது.

கடலினமும் நில இனமும்

கையில் உள்ள நண்டு எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அறிவதே பராமரிப்பின் முதற்படி. அலை ஒதுங்கும் பாறைக் குழிகளிலும், கழிமுகச் சேற்றிலும், ஆழமற்ற கடலிலும் காணப்படுபவை பெரும்பாலும் கடலினங்கள். டயோஜெனிஸ், கிளிபனேரியஸ் ஆகிய பேரினங்கள் இவ்வகையின. இவை கடல்நீரிலேயே மூச்சுவிடும். ஈரம் இருக்கும்வரை சிறிது நேரம் வெளியே தாங்கும்.

அலைமட்டத்துக்கு மேலே, காய்ந்த இலைகளுக்கும் செடிகளுக்கும் இடையில் இரவில் திரிபவை நில இனங்கள். இவற்றுக்கும் செவுள்களே மூச்சுறுப்பு. ஆனால் அவை ஈரக் காற்றிலிருந்து உயிர்வளியை எடுக்கும்படி மாறியவை. செவுள்கள் காய்ந்தால் நண்டுக்கு மூச்சுத் திணறும். நீரிலேயே மூழ்கிக் கிடக்க நேர்ந்தாலும் இறந்துவிடும்.

பிள்ளைகள் கொண்டுவரும் நண்டுகள் சாவதற்கான முதன்மைக் காரணம் இதனால் விளங்கும். கடலின நண்டு குழாய்நீரில் இடப்படுகிறது. அதன் உடல்நீரின் உப்பளவு சுற்றியுள்ள நீரைவிட மிகுதி. எனவே நன்னீர் உடலுக்குள் புகுந்து உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. நில இன நண்டோ நீர் நிரம்பிய புட்டியில் மூழ்கடிக்கப்படுகிறது. இருவகைக்கும் ஒரே புட்டி எமனாகிறது.

கடலின நண்டு தவறுதலாக வீட்டுக்கு வந்துவிட்டால், கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றி, நிழலான திறந்த பாத்திரத்தில் வைத்து, இயன்றவரை அன்றே எடுத்த இடத்தில் விடுவது நன்று. வடிகட்டியும் காற்றுக்குழாயும் உள்ள கடல்நீர்த் தொட்டி இல்லாமல் அதை வளர்க்க இயலாது.

நில இன வளர்ப்பின் அடிப்படைகள்

நிலத் துறவி நண்டின் தேவைகளைக் கடற்கரையின் மூன்று கொடைகளாகச் சுருக்கலாம்: ஈரமான காற்று, இருவகை நீர், வெற்றுக் கூடுகள். தோண்டிப் புதைய மணலும் வேண்டும்.

காற்றீரம்: தொட்டியின் ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரையும், வெப்பநிலை 24 முதல் 29 பாகை செல்சியசு வரையும் இருப்பது ஏற்றது. திருநெல்வேலியின் கோடை வறண்டது. வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். கம்பிவலைக் கூண்டில் ஈரம் நிற்காது. மூடியுள்ள கண்ணாடித் தொட்டியே தேவை. வெயில் படும் சன்னலோரத்தில் அதை வைக்கக் கூடாது. ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் காட்டும் சிறு அளவி ஒன்றை உள்ளே பொருத்த வேண்டும்.

மணல்: கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரமுள்ள மணலுடன் கழுவிய தென்னை நார்க்கழிவைக் கலந்து இட வேண்டும். ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர். பெரிய நண்டாயின் அதன் உயரத்தைப்போல் மும்மடங்கு.

நீர்: ஒரு கிண்ணத்தில் நன்னீர், மற்றொன்றில் உப்புநீர் என இரண்டும் எப்போதும் இருக்க வேண்டும். நண்டு இவ்விரண்டையும் குடித்துத் தன் கூட்டுக்குள்ளும் சேர்த்து வைக்கும். குழாய்நீரில் சேர்க்கப்படும் குளோரின் செவுள்களைப் புண்ணாக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த நீரையோ, மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் குளோரின் நீக்கி சேர்த்த நீரையோ பயன்படுத்த வேண்டும். உப்புநீருக்குச் சமையல் உப்பு உதவாது. தூய்மையான இடத்தில் எடுத்து வடிகட்டிய கடல்நீரோ, கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்போ வேண்டும். கிண்ணத்திலிருந்து நண்டு ஏறி வரக் கல்லோ வலையோ இட வேண்டும்.

கூடுகள்: ஒவ்வொரு நண்டுக்கும் 3 முதல் 5 வரை மாற்றுக் கூடுகள், இப்போதுள்ளதைவிடச் சற்றுப் பெரியனவாக, வட்ட வாய் உடையனவாக இருக்க வேண்டும். வண்ணம் பூசியவை ஆகா. உரியும் வண்ணத்தை நண்டு தின்றுவிடும். இதற்கெனக் கடற்கரையில் கூடு பொறுக்கினால் அங்குள்ள நண்டின் வீட்டைப் பறித்ததாகும். வீட்டில் ஏற்கெனவே அலங்காரத்துக்கு வாங்கி வைத்த வண்ணமற்ற சங்குகளைக் கொதிநீரில் இட்டு ஆறவைத்துப் பயன்படுத்தலாம்.

உணவு: இது எல்லாம் தின்னும் உயிரி. தேங்காய்ச் சில், பழத்துண்டு, கீரை, உப்பும் மசாலாவும் இடாத மீன், காய்ந்த இலை ஆகியவற்றைச் சிறிதளவு தினமும் மாலையில் வைத்து, மறுநாள் காலை எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை. நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓடு இதற்கு மிகப் பொருத்தமானது. தொட்டியைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது பிள்ளைகளுக்குக் கட்டாயப் பழக்கமாக வேண்டும்.

அவசர நிலைகள்

துறவி நண்டுக்கு வரும் நெருக்கடிகளில் பல, மேற்சொன்ன தேவைகளில் ஒன்று குறைவதால் வருபவை. ஊசியோ மாத்திரையோ இதற்கில்லை. குறையை அறிந்து ஈடுசெய்வதே முதலுதவி.

கூட்டை விட்டு வெளியேறுதல்: கூடில்லாத நண்டு சில மணி நேரத்தில் காய்ந்து இறக்கக்கூடும், மற்ற நண்டுகளும் தாக்கும். அதைக் கையால் திணிக்கக் கூடாது. குளோரின் நீக்கிய நீரில் கழுவிய இரண்டு மூன்று கூடுகளுடன், ஈரமணல் இட்ட சிறு கிண்ணத்தில் வைத்து, இருட்டான இடத்தில் தொந்தரவின்றி விட வேண்டும். காரணத்தையும் தேட வேண்டும். கூட்டுக்குள் மணலோ பூச்சியோ புகுந்திருக்கலாம், கூடு சிறியதாக இருக்கலாம், தொட்டி சூடேறியிருக்கலாம்.

தோலுரித்தலைச் சாவு என்று எண்ணுதல்: நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றும். அதற்காக மணலுக்குள் புதைந்து 4 முதல் 8 வாரங்கள் வரை, பெரியவை அதற்கும் மேலாக, வெளியே வராமல் இருக்கும். காணவில்லை என்று தோண்டிப் பார்ப்பதே பல நண்டுகளைக் கொல்கிறது. அப்போது அதன் புதிய தோல் பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். கழற்றிய ஓடு கால்களும் கண்களும் உள்ள இறந்த நண்டைப் போலவே தோன்றும். அதையும் வெளியே எறியக் கூடாது. நண்டு அதைத் தின்றே சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்ளும். அழுகிய மீன் நாற்றம் வந்தால் மட்டுமே இறந்ததாகக் கொள்ளலாம்.

மணலின் மேல் தோலுரித்தல்: மணல் ஆழம் குறைவாகவோ மிக வறண்டோ இருந்தால் நண்டு மேற்பரப்பிலேயே தோலுரிக்க நேரிடும். அதைத் தூக்கக் கூடாது. அடிப்பகுதி வெட்டிய ஞெகிழிப் புட்டியால் சுற்றி மூடி, மேலே காற்று வழி விட்டு, இருட்டும் ஈரமும் இருக்கச் செய்து மற்ற நண்டுகளிடமிருந்து காக்க வேண்டும்.

கால் உதிர்தல்: கடும் அதிர்ச்சியிலும் சூட்டிலும் வறட்சியிலும் நண்டு தன் காலைத் தானே உதிர்க்கும். ஒன்றிரண்டு கால் போவதால் இறப்பதில்லை. அடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் முளைக்கும். பல கால்கள் தொடர்ந்து உதிர்ந்தால் ஈரப்பதம், வெப்பம், நீர் ஆகிய மூன்றையும் உடனே சரிபார்க்க வேண்டும். கடையிலிருந்து வறண்ட நிலையில் வந்த நண்டை ஒரே நாளில் மிகு ஈரத்துக்கு மாற்றாமல், சில நாட்களில் படிப்படியாகப் பழக்குவது நன்று.

வெப்பத் தாக்கு: சோர்ந்து கூட்டிலிருந்து பாதி தொங்குவதும், பழுப்பு நிற நீர் வடிவதும் இதன் அறிகுறிகள். தொட்டியை உடனே நிழலுக்கு மாற்றி, மெல்லக் குளிர விட வேண்டும். பனிக்கட்டி நீரை ஊற்றக் கூடாது. பழுப்பு நீர் வடியும் நிலைக்கு வந்த நண்டு பெரும்பாலும் பிழைப்பதில்லை. இங்கு தடுப்பே மருந்து.

நச்சு: கொசுவத்திச் சுருள், கொசு விரட்டித் திரவம், எறும்புப் பொடி, கரப்பான் தெளிப்பான் ஆகியவற்றில் உள்ள பைரித்திராய்டு வகை நஞ்சுகள் பூச்சிகளைப் போலவே ஓட்டுடலிகளையும் கொல்லும். இவற்றைப் பயன்படுத்தும் அறையில் தொட்டி இருக்கக் கூடாது. தெளித்துவிட்டால் தொட்டியை வேறு அறைக்கு மாற்றி, இரு கிண்ண நீரையும் உணவையும் மாற்ற வேண்டும்.

கூட்டுக்கான சண்டை: ஒரு நண்டு மற்றொன்றின் கூட்டைத் தன் கூட்டால் தட்டி வெளியேற்ற முயல்வது கூடு போதாமையின் அடையாளம். பிரித்து வைப்பது தற்காலிகத் தீர்வு. கூடுகளைக் கூட்டுவதே நிலையான தீர்வு.

கடற்கரையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பெரிய வெற்றுக் கூடு ஒன்று கிடைத்தால், நண்டுகள் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிற்கும். முதல் நண்டு புதுக் கூட்டுக்கு மாறியதும் அது விட்ட கூட்டுக்கு இரண்டாவது மாறும். அதன் கூட்டுக்கு மூன்றாவது மாறும். ஒரே கூட்டினால் பல நண்டுகளுக்கு வீடு கிடைக்கிறது. ஒரு கூட்டை எடுத்துச் செல்பவர் அந்த வரிசை முழுவதையும் கலைக்கிறார்.

சட்டமும் பாதுகாப்பும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இங்கிருந்து உயிரினங்களை எடுப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். துறவி நண்டின் உறவினமும் நிலத்தில் வாழும் மிகப் பெரிய ஓட்டுடலியுமான தென்னை நண்டு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. இந்தியாவில் அது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்கிறது. சங்கு, சிப்பி வகைகளில் சிலவும் அட்டவணையில் இடம்பெற்றுள்ளதால் அவற்றின் கூட்டை விற்பதும் வைத்திருப்பதும் சட்டச் சிக்கலாகும்.

கடற்கரைக் குப்பையும் புதிய அச்சுறுத்தலாகியுள்ளது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் நடத்தப்பட்ட ஆய்வு, ஞெகிழிப் புட்டிகளுக்குள் சிக்கி ஆண்டுக்குச் சுமார் 5,08,000 துறவி நண்டுகள் இறப்பதாக மதிப்பிட்டது. உள்ளே வழுவழுப்பாக இருப்பதால் நுழைந்த நண்டு ஏறி வர இயலாது. இறந்த நண்டின் மணம், கூடு ஒன்று காலியாகியுள்ளது என்ற செய்தியாகப் பிற நண்டுகளை ஈர்க்கிறது. அவையும் அதே புட்டிக்குள் இறங்குகின்றன. கரையில் வீசப்பட்ட மூடியில்லாத புட்டி ஒன்றை எடுத்து அப்புறப்படுத்துவது நண்டுக்குச் செய்யும் நேரடி உதவி.

வளர்க்க முடியாமற்போன நண்டைத் திருப்பி விடுவதிலும் கவனம் வேண்டும். அண்மையில் எடுத்த நண்டை எடுத்த கரையிலேயே விடலாம். கடையில் வாங்கிய, எந்தக் கரையைச் சேர்ந்தது என அறியாத நண்டைக் கடற்கரையில் விடக் கூடாது. அயல் இனமும் நோயும் பரவ அது வழியாகும். அத்தகையதை அதன் ஆயுள் முழுவதும் பேணுவதே வாங்கியவரின் கடமை.

கரையும் வீடும்

பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேரும் தாமிரபரணி, தன் கழிமுகத்தில் வண்டலையும் ஈரத்தையும் நன்னீரையும் தருகிறது. கடல் உப்புநீரையும் கூடுகளையும் தருகிறது. நண்டு வளர்க்கும் தொட்டியில் வெப்ப அளவி, கிண்ணங்கள், மாற்றுக் கூடுகள், கடல்நுரை என எத்தனை வைத்தாலும், அவையெல்லாம் இந்தக் கரை இயல்பாகத் தருவதை ஈடுசெய்யும் முயற்சிகளே. அவற்றுள் ஒன்று தவறினால் அவசர நிலை தொடங்குகிறது.

ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட நண்டை முறையாகக் காப்பது அறம். புதிதாக ஒன்றைக் கொண்டுவராமல், மாலை வேளையில் மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ குனிந்து அமர்ந்து, ஒரு சங்கு எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டு வருவது அதனினும் நன்று. அலவன் ஆட்டிய மகளிரும் மாலையில் நண்டைக் கரையில் விட்டுவிட்டே வீடு திரும்பினர்.